மணி வந்துதா?

டேப்ரெக்கார்டரில் பாட்டுக் கேட்டு வளர்ந்த கடைசி ஆட்கள் நாமாகத்தான் இருக்கும். அதனால் உங்களிடம் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன். ஒரு பாட்டை அழித்துவிட்டு அதே நாடாவில் இன்னொன்றைப் பதியலாம் என்பதையே இப்போதுள்ள பிள்ளைகளுக்கு உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் மகளைக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் காது பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு வயது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. பள்ளிக்கூடத்தில் அடம் என்றார்கள். என் அம்மா, "அவளுக்க அப்பனப் போல, வேணும்னா கேப்பா" என்றாள். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்று சில மாதங்கள் கடத்திவிட்டேன். பயப்படாமல் இருந்தது தப்போ என்று பிறகு பயந்தேன்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. மகளின் தலையில் பெரிய ஹெட்போன். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கட்டையை டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சோதிக்கிற பெண் எனக்கும் ஒரு ஹெட்போனைத் தந்தாள். முதலில் தடித்த சத்தங்கள். மகள் கட்டைகளைப் போட்டுக்கொண்டே வந்தாள். பிறகு சத்தம் மெலிந்து உயர்ந்தது. சின்ன மணியை யாரோ தட்டுவதுபோல ஒன்று. எனக்குத் தெளிவாகக் கேட்டது. மகள் கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளச் சிரிக்கிற சிரிப்பு. அதை நான் முன்பே ஒரு முகத்தில் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் யாருக்காவது காது மந்தம் உண்டா என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். "குடும்பத்தில் ஆர்க்கெங்கிலும் கேள்விக்குறவு உண்டோ?"

என்னை முந்திக்கொண்டு, கூட வந்திருந்த அம்மா பதில் சொன்னாள். "இல்ல டாக்டரே. எங்க குடும்பத்துல அப்பிடி ஆருக்கும் கெடையாது."

பரம்பரையில் இல்லையென்றால் காதுக்குள் சளி நீர் கட்டியதாக இருக்கலாம், கொஞ்சநாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். உண்டென்றால் பொறுக்கக்கூடாது, மேற்கொண்டு சோதிக்க வேண்டும். அடுத்த வாரம் வாருங்கள், அதற்குள் நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் யோசித்தது ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றி.

*

எனக்குப் பதினொரு வயது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. அப்பா வளைகுடாவில். அக்கா நாகர்கோவிலில் விடுதியில். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ்; காது மங்கிய கிழவர்களிடம் நாள் முழுவதும் உரக்கப் பேசிவிட்டுத் தொண்டை கட்டித் திரும்புவாள். வந்தபின் என்னிடம் பேசுவதற்கு அவளிடம் குரல் மிச்சம் இருக்காது. பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற ரோட்டை ஒட்டி, ரப்பர் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும் பழுத்து விழுந்த பலாச்சக்கையின் வாடையும் கலந்து வீட்டுக்குள் நிற்கும். பகலில் பஸ் போகும் சத்தத்தை வைத்துத்தான் பொழுது. மற்ற பிள்ளைகளோடு விளையாட எனக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் போயிருப்பேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. பழுப்புப் பெட்டி ஒன்று, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு கறுத்த டூ இன் ஒன். வீட்டோடு ஒட்டி இறக்கியிருந்த சாய்ப்பில் அவருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தோம். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் இருக்கும். கப்பல் இரைச்சலில் பழகியவன் அப்படித்தான் பேசுவான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் காலையிலேயே டேப்பை வைத்தார். ரப்பர் வெட்டுகிறவர் கத்தியோடு மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தார். கோழிகள் கிணற்றுப் பக்கம் ஓடின.

"எலே தம்பி, கொஞ்சம் கொறச்சு வைக்கப்பிடாதா? வெள்ளறடை பஸ்ஸுல இருக்கப்பட்டவன் வரைக்கும் கேப்பானே!" என்று அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள்.

மாமா பதில் சொல்லவில்லை. குறைக்கவும் இல்லை.

"கப்பக்காரனாக்கும். அக்கா சொன்னா காதுல ஏறுமா?" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் தேடிக் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு என்பீர்கள். எழுபதுகளில் ஏதோ குளிர்தேசத்துத் துறைமுக ஊரில் நான்கு பேர் சேர்ந்து பாடியவர்கள். கேசட்டின் அட்டையில் நால்வரும் மழைக்கோட்டோடு ஒரு மீன் கூடையைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். மாமா அவர்களை "நம்ம பயலுவ" என்பார். எங்கோ சரக்கு இறங்கும்வரை காத்துக் கிடந்தபோது ஒரு கடையின் மூலையில் கிடைத்ததாம். அதே கப்பலில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரன் அந்த ஊர்க்காரன். இவர்களை எங்கள் ஊரிலேயே யாரும் கேட்கவில்லையே, நீ எங்கே பிடித்தாய் என்று அவன் ஆச்சரியப்பட்டானாம்.

"பெரிய ஆளுவளுக்க பாட்டக் கேக்க லோகம் பூரா ஆளுண்டு," என்றார் மாமா. "இவனுவ ஒண்ணாம் நம்பர் ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு எடத்துலயும் பொய் கெடையாது, கேட்டியா."

பாட்டில் பொய் என்றால் என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கேட்கக் கேட்க கொஞ்சம் பிடிபட்டது. மற்ற பாட்டுகளில் அழ வேண்டிய இடத்தில் எல்லா வாத்தியமும் சேர்ந்து அழும். இவர்கள் அந்த இடத்தில் சும்மா இருந்துவிடுவார்கள். டிரம் அடிக்கிறவன் ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தி வந்தவனைப்போல மெல்ல உள்ளே நுழைந்து பின்வரிசையில் உட்காருவான். அடிக்கடி ஓர் அடியை விட்டுவிடுவான். அந்த அடியை நம் நெஞ்சு அடிக்கும். பாடுகிறவனுக்குச் சளி பிடித்த குரல். இனிமையே கிடையாது. அடுத்த அறையிலிருந்து யாரையோ கூப்பிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் இன்னொரு தடவை கூப்பிடுவதுபோல இருக்கும். ஆங்கிலம் எனக்குப் பாடப்புத்தக அளவுதான். ஆனால் பகல் முழுதும் ஆளில்லாத வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கூப்பிடுதல் புரிந்தது.

மாமா என்னைக் கூப்பிட்டது அந்தக் குழுவின் நீளமான பாட்டுக்காக. பின்பக்கம் முழுதும் அது ஒன்றுதான். சர்ச்சில் வாசிக்கிற ஆர்கனில் தொடங்கும். கடைசியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போய்விடும். ஒன்றுமே இல்லாத ஓர் இடம் வரும். அப்போது ஒரு சின்ன மணி, ஒரே ஒரு தடவை. அத்தோடு முடிந்துவிடும்.

"பிள்ளே, இஞ்ச வா. இதக் கேளு. மணி வந்தா சொல்லணும்."

கேட்டேன். மணி வந்தது. "வந்துது மாமா."

அவர் தலையசைத்துவிட்டு மறுபடி சுற்றி வைத்தார். மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். எனக்குக் குழப்பம். வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளை நான். இவ்வளவு எளிதான கேள்வியை ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால் அதில் ஏதோ சூது இருக்கும் என்று தோன்றியது. அந்த மணி செவிட்டில் அறைவதுபோலக் கேட்கும். ஆகவே அவர் கேட்பது இந்த மணி இல்லை, இதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிற இன்னொன்று என்று நினைத்து, டேப்போடு காதை ஒட்டிவைத்துத் தேடினேன். தேடியபோதுதான் மற்றதெல்லாம் கேட்கத் தொடங்கியது.

"இப்ப ரெண்டாமத்த கித்தார் உண்டுமா?"

"உண்டு மாமா."

"என்னவாக்கும் செய்யுது?"

"மொத கித்தார் என்னமோ கேட்டுது. இது பதில் சொல்லல்ல. மூஞ்சியத் திருப்பிட்டு நிக்குது."

மாமா தொடையில் அடித்துச் சிரித்தார். "அதாக்கும்! அவன் அப்பிடித்தான். அந்தப் படத்துல அங்கோட்டுப் பாக்கியான் பாரு, அவனாக்கும் அது!"

அந்த விடுமுறையில் என்னிடம் யாராவது ஏதாவது கேட்டு, நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தது அந்தச் சாய்ப்பில் மட்டும்தான்.

*

மே மாதத்தில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வந்தது. வாரம் ஒரு வீடு என்று சபையில் முறை. அன்றைக்கு அம்மாவுக்கு அதைவிடப் பெரிய காரியமும் இருந்தது. மாமாவுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த நெய்யாற்றின்கரைக்காரர், மாப்பிள்ளையை ஒரு கண் பார்க்க அந்தக் கூட்டத்துக்கு வருவதாக ஏற்பாடு.

உபதேசியார் முன்னதாகவே வந்துவிட்டார். எங்கள் சின்ன ஆலயத்தைக் கவனித்துக்கொள்பவர் அவர். முற்றத்தில் குடையை மடக்கும்போது சாய்ப்பிலிருந்து ஆர்கன் கேட்டது. அப்படியே நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பழைய கீர்த்தனை போலயாக்கும் இருக்கு," என்றார் அம்மாவிடம் மெதுவாக. "தம்பி மனந்திரும்பியாச்சு. நான் சொன்னேம்லா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. அவளும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் குனிந்து நின்றாள். இரண்டு பேரும் ஜெபநிலையில் நிற்க, எனக்குத் தெரியும் இன்னும் சற்று நேரத்தில் என்ன வரும் என்று. டிரம் வந்தது. பிறகு கித்தார்கள் வந்தன. பிறகு அந்தச் சளிக்குரல்.

உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்தார். "இது எந்த சபையாக்கும்?" என்று கேட்டார்.

கூட்டம் தொடங்கியது. வட்டமாகப் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் சொல்லிவரும்போது மாமாவின் முறை வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் முழங்கையால் இடித்தேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு "ஆமென்" என்றார். சின்னப்பிள்ளைகள் சிரித்தன.

கட்டன்சாயா கொடுக்கும் நேரத்தில் நெய்யாற்றின்கரைக்காரர் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதை எங்கள் பக்கம் யாரும் உரக்கக் கேட்பதில்லை. தம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"குடி, மற்றது, வல்லதும் உண்டோ?"

மாமா அவர் முகத்தைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். நன்றாகத் தலையை ஆட்டினார்.

நெய்யாற்றின்கரைக்காரர் சாயாவை முடிக்காமலே எழுந்துவிட்டார்.

எல்லோரும் போனபின் அம்மா தம்ளர்களை அள்ளி அங்கணத்தில் போட்டாள். "குடியும் உண்டுன்னு தலைய ஆட்டுதியே, உனக்கு நாணமில்லியாலே?"

"குடியா? நான் குடிக்க மாட்டேனே அக்கா."

"பின்ன என்னத்துக்கு ஆட்டின?"

மாமா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எஞ்சின் அறையில் வேலை செய்கிறவன் காது போய்விட்டது என்று சொன்னால் கப்பல் இல்லை, கல்யாணமும் இல்லை. தலைக்கனம் பிடித்தவன், குடிகாரன் என்ற பெயர் அதைவிடப் பரவாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ. இதெல்லாம் இப்போது நான் சேர்த்துக்கொள்வது. அப்போது எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

அம்மா எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டைத்தான் காரணமாகக் கண்டாள். அந்த வருடம் சபையின் கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கங்களைப் பதிந்து, ஆலயத்துக்கு வரமுடியாமல் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்ட உபதேசியார் கேசட் சேகரித்துக்கொண்டிருந்தார். மாமா பாறசாலையில் ஒரு கூட்டாளி வீட்டில் நான்கைந்து நாள் தங்கியிருந்தபோது அம்மா அந்தக் கேசட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"ஜப்பான் நாடாவாக்கும். பாட்டு எறங்கி வசனம் கேறட்டு. வீட்டுக்கும் ரெட்சிப்பு, நாடாவுக்கும் ரெட்சிப்பு," என்றாள்.

நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தாள். அம்மா செய்ததெல்லாம் நல்ல எண்ணத்தோடுதான். மகளுக்காக நான் செய்வதும் அப்படித்தான்.

மாமா வந்து, உறையைத் திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்தார். மழைக்கோட்டுக்காரர்களின் படம் மட்டும் இருந்தது. அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கு நடந்தார்.

கன்வென்ஷன் முடிந்துவிட்டிருந்தது. கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார் உபதேசியார். "கேட்டுப் பாரு மக்கா, நல்ல செய்தியாக்கும்" என்றாராம். கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பல்லை உடைத்துவிட்டால் அதில் வேறெதுவும் பதிய முடியாது என்று உங்களுக்குத் தெரியும். மாமா உடைத்துத்தான் வைத்திருந்தார். மறுபடி பதிவதற்காக அந்தக் குழிகளில் காகிதத்தை மடித்து அழுத்தி அடைத்திருந்தார்கள்.

சாய்ப்பில் வைத்துப் போட்டோம். முன்பக்கம் முழுதும் பிரசங்கம். பின்பக்கத்திலும் அதே குரல். மாமா நிறுத்தவில்லை; எனக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை. வெளியே இடி முழங்கி, ரப்பர் இலைகள்மேல் மழை பிடித்தது. அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. கூட்டம் முழுதும் சேர்ந்து "ஆமென்" என்றது. அதன்பின் கட்டை முறிவதுபோல, பதிவை நிறுத்திய சத்தம். பிரசங்கியார் நாடா தீர்வதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தார்.

மிச்சமிருந்த நாடாவில் நம்ம பயலுவ இருந்தார்கள்.

நடுவிலிருந்து, யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல. சளிக்குரல் ஓய்ந்தது. முதல் கித்தார் எழுந்து போனது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்ற இரண்டாவது கித்தார், எல்லோரும் போனபின் அந்தப் பழைய கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னது. அதை நான் அதுவரை கவனித்ததில்லை. பிறகு அதுவும் போனது. ஒன்றுமில்லாத அந்த இடம் வந்தது. மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி வந்துதா?"

"வந்துது மாமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குள் எங்கேயோ, பழைய ஏதோ ஒரு நாளில் கேட்ட மணியை நான் சொன்ன நேரத்தில் அவர் அடித்துக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த மழையில் அவர் போனார். கப்பலுக்கு இல்லை. "அந்தச் சோலி மடுத்துப்போச்சு" என்று சலித்துக்கொண்டதோடு சரி. கப்பலில் ஏறும் முன் கண், காது எல்லாம் சோதிப்பார்களாம், இப்போது கேள்விப்படுகிறேன். தூத்துக்குடியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கல்லூரியில் இருக்கும்போது மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். குடிதான் என்றார்கள் ஊரில். நெய்யாற்றின்கரைக்காரர் தப்பித்தார் என்றார்கள். டூ இன் ஒன்னும் கேசட்டும் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்து, நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து, ஒரு கிறிஸ்துமஸ் வெள்ளையடிப்பின்போது காணாமல் போயின.

*

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், மகள் தூங்கும்போது, அந்தக் குழுவைப் போனில் தேடினேன். பெயர் நினைவிருந்தது. கிடைத்தது. மிகச் சிலர்தான் கேட்டிருந்தார்கள். நான் வளர்ந்தபின் எவ்வளவோ பாட்டுக் கேட்டுவிட்டேன், பிள்ளை வயதில் பிடித்தது இப்போது சாதாரணமாக இருந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் போட்டேன். இல்லை. டிரம்காரன் இன்னும் பின்வரிசையில்தான் உட்கார்ந்தான். ஒரு குழு முழுவதும் ஒரு சின்ன மணிக்காக வாயை மூடிக்கொண்டு எழுந்து போவதை அதன்பின் நான் வேறெங்கும் கேட்டதில்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது. தெரிந்தவர்கள் வேறு சொல்லலாம். ஆனாலும் பொய் இல்லை என்று மாமா சொன்னது சரி.

மணி வந்தது. சூது ஒன்றும் இல்லை. பின்னால் ஒளிந்திருக்கிற இன்னொரு மணியும் இல்லை. நெற்றிக்கு நேரே வந்து நிற்கிற மணி. இத்தனை தெளிவான ஒன்று வந்துவிட்டதா என்று காது கேட்கிற யாரும் ஒரு பிள்ளையிடம் கேட்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா "இல்ல" என்று தொடங்கினாள்.

"உண்டு," என்றேன். "எனக்க மாமாவுக்கு. அம்மைக்க தம்பிக்கு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் மகளுக்கு மேல்சோதனைகளை எழுதத் தொடங்கினார். இனி பொறுக்க வேண்டாம் என்றார்.

ஆட்டோவில் பாதி வழி வந்திருந்தோம். மகள் என் மடியில் தூங்கிவிட்டாள்.

"நெசமாட்டா?" என்றாள் அம்மா. "அவனுக்கு அப்பளே கேக்காதா?"

"ஆமாம்மா." மணி வந்துதா என்று அவர் தினமும் என்னைக் கேட்டதைச் சொன்னேன்.

"நான் அடுக்களையில நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். ரோட்டோரத்தில் ரப்பர் மரங்கள் போய்க்கொண்டிருந்தன. "வார்டுல எத்தன பேர பாத்தவளாக்கும் நான்."

மகளின் தலையை மடியில் சரியாகச் சாய்த்து வைத்தேன். ஏதாவது சொன்னால் ஆறுதலாக இருக்குமா, குத்திக்காட்டுவதாக இருக்குமா என்று தெரியவில்லை.

"அந்தப் பாட்டு இப்ப கிட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

போனில் போட்டு, இயர்போனின் ஒரு முனையை அவள் காதில் வைத்தேன். மற்றதை நான் வைத்துக்கொண்டேன். ஆர்கன் தொடங்கியதும் அம்மா தன்னையறியாமல் முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். டிரம் வந்தபோது கழற்றவில்லை. கடைசி வரை அப்படியே இருந்தாள்.

"இதில என்னமோ மணி உண்டும்னு சொன்னியே. வரும்போ சொல்லு பிள்ளே, எனக்கு இதொண்ணும் தெரியாது."

முதல் கித்தார் போனது. இரண்டாவது தன் ஒற்றைப் பதிலைச் சொல்லிவிட்டுப் போனது. ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே, ஒன்றுமில்லாத அந்த இடம் வந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். மணி வந்தது. நான் சொல்லாமல் இருந்தேன்.

அவளுடைய கை மடியிலிருந்து மெல்ல உயர்ந்தது.